பாதி டம்ளர் காபி

1

போன பொங்கலுக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். கிணத்துக்கடவிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிய ஊர். தென்னந்தோப்பு, நடுவில் சாளை, முன்னால் காங்கிரீட் போட்ட களம். நான் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் அத்தை அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரிடம் "காப்பி குடிக்கறீங்களா?" என்று கேட்கிற வழக்கம் கிடையாது. கேட்டால் வந்தவர் கூச்சப்பட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுவார். அதனால் கேட்பதே மரியாதைக் குறைவு. "வாங்க" என்று சொல்லியாயிற்று என்றால் பால் அடுப்பில் ஏறியாயிற்று என்று அர்த்தம்.

காபி வந்தது. கறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத பால், சிக்கரி தூக்கலான டிகாக்‌ஷன், மூன்று ஸ்பூன் சர்க்கரை. பள்ளி விடுமுறை நாட்களில் இந்தக் காபிக்காகவே நான் சீக்கிரம் எழுந்திருக்கிறேன். இரண்டு வாய் குடித்தேன். மூன்றாவது வாய் இறங்கவில்லை. நாக்கில் சர்க்கரையும் கருகலும் மட்டும்தான் தெரிந்தன. மாமாவிடம் கொப்பரை விலை பற்றிப் பேசிக்கொண்டே டம்ளரைத் திண்ணை ஓரத்தில் வைத்தேன். பாதி மீதியிருந்தது.

அத்தை டம்ளரை எடுக்கும்போது உள்ளே பார்த்தார்.

"ஏங் கண்ணு, காப்பி நல்லால்லையா?"

"அதெல்லாம் இல்லீங்க அத்தை. வயிறு கொஞ்சம் சரியில்லீங்க."

பத்து நிமிஷத்தில் சீரகத் தண்ணீர் வந்தது, ஒரு சொம்பு நிறைய. அதை மட்டும் சொட்டு விடாமல் குடித்தேன். பொய்க்கு அதுதான் தண்டனை.

கோயம்புத்தூர் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பாதி டம்ளர் மண்டைக்குள் ஆடிக்கொண்டே இருந்தது. அத்தையின் காபி மாறவில்லை. மாறியது நான். மூன்று நான்கு வருஷமாக, காசு செலவழித்து, நேரம் செலவழித்து, ஒரு ருசியைப் பழகிக்கொண்டேன். அது எனக்குச் சில புதிய சந்தோஷங்களைக் கொடுத்தது, நிஜம். ஆனால் பழைய சந்தோஷம் ஒன்றைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. ருசியை வளர்த்துக்கொள்வது என்பது வளர்ச்சிதானா? அன்போடு கொடுக்கப்படும் ஒன்றை வாங்கிக் குடிக்க முடியாதவனாக ஆகிவிடுவது எந்த வகை வளர்ச்சி?

2

முதலில் இந்த நிலைக்கு எப்படி வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் காபித்தூள் வாங்குவது அப்பாவின் வேலை. மாதத்தின் முதல் ஞாயிறு, கடைவீதி. கடைக்காரர் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் "அதே தானுங்களே?" என்பார். பீபரி பாதி, ஏ பாதி, சிக்கரி இருபது. காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டைகள் ஒன்றையொன்று ஒட்டித் தட்டையாக இருக்கும். சில பழங்களில் ஒன்றே ஒன்று உருண்டையாக விளையும். அதுதான் பீபரி. 'ஏ' என்பது சல்லடை அளவு, பெரிய கொட்டை. இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. அரைத்த தூள் சூடாக இருக்கும். ஸ்கூட்டரில் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வருவேன். டிசம்பர் மாதத்தில் அந்தச் சூடு ஒரு பூனைக்குட்டி மாதிரி இருக்கும். அவ்வளவுதான் எனக்கும் காபிக்கும் இருந்த உறவு.

2020 ஊரடங்கில் வீட்டிலிருந்து வேலை. சரவணம்பட்டியில் ஒரு வாடகை ஃபிளாட், காலை ஒன்பதரைக்கு ஸ்டாண்டப் கால், நாள் முழுக்க திரை. அப்போதுதான் முதன்முதலில் அரைக்காத காபிக்கொட்டை வாங்கினேன். கூடவே கையால் சுற்றும் ஒரு மில். பொறியியல் படித்தவனிடம் இப்படி ஒரு பொருளைக் கொடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. தராசு, தெர்மாமீட்டர், டைமர், ஒரு எக்செல் ஷீட்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாக்கெட்டில் முதலில் பார்க்க வேண்டியது வறுத்த தேதி. 'பேக் செய்த தேதி' மட்டும் போட்டிருந்தால் யோசியுங்கள். வறுத்த கொட்டை பல நாட்களுக்குக் கரியமில வாயுவை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். பாக்கெட்டில் குட்டி வால்வு இருப்பது அதற்காகத்தான். வறுத்து ஒரு வாரம் முதல் ஒரு மாதம் வரை நல்ல காலம். கொட்டையாக இருக்கும் வரை மணம் உள்ளே பூட்டிக் கிடக்கும். அரைத்த நிமிஷத்திலிருந்து அது ஓட ஆரம்பிக்கும். கொட்டையாக வாங்குவதன் நியாயம் இவ்வளவே. கொட்டையின் மேல் எண்ணெய் மினுங்கினால் நன்றாகக் கறுக்க வறுத்தது, அல்லது பழையது. அராபிகாவில் புளிப்பும் மணமும் கூடுதல். ரொபஸ்டாவில் கசப்பும் கெட்டித்தன்மையும் கூடுதல், கஃபீன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பால் ஊற்றிக் குடிப்பவருக்கு கொஞ்சம் ரொபஸ்டா கலந்த, நடுத்தரத்தைத் தாண்டி வறுத்த கொட்டை பொருந்தும். கறுப்பாகக் குடிப்பவருக்கு இளவறுப்பு. காசு ஒன்றில்தான் போட முடியும் என்றால் மில்லில் போடுங்கள். பிளேடு வைத்த மிக்ஸி கொட்டையை நொறுக்கும், பாதி மாவாகவும் பாதி குருணையாகவும். நம் வீட்டுக் கல் திருகை மாதிரி இரண்டு பற்களுக்கு நடுவே அரைக்கும் மில்தான் ஒரே சீராகக் கொடுக்கும்.

சிக்கரி பற்றியும் ஒரு வார்த்தை. அது ஒரு செடியின் கிழங்கு. வறுத்துப் பொடித்தால் நிறமும் கெட்டித்தன்மையும் கொடுக்கும், மணம் கொடுக்காது. நெப்போலியன் காலத்தில் கடல் வாணிகம் தடைபட்டு ஐரோப்பாவில் காபி கிடைக்காமல் போனபோது பெரிதாகப் பரவிய பழக்கம். இந்தியச் சட்டப்படி காபி–சிக்கரி கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், அளவைப் பாக்கெட்டில் போட வேண்டும். அத்தை வீட்டுத் தூள் பாக்கெட்டைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். சட்டம் எதுவும் மீறப்படவில்லை, ஆனால் சட்டத்தின் ஓரத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நாக்கு பழகியது. ஒரு நாள் சிவமொக்கா பக்கத்துக் கொட்டை ஒன்றில் ஆரஞ்சுத் தோலின் வாசம் தெளிவாகத் தெரிந்தது. பாக்கெட்டில் அதைத்தான் எழுதியிருந்தார்கள். நான் துள்ளிக் குதித்ததில் பக்கத்து அறையிலிருந்து மனைவி ஓடி வந்தாள். "புரொடக்‌ஷன் டவுனா?" என்றாள்.

3

ருசி என்பது வெறும் பம்மாத்து என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனமில்லை. டேவிட் ஹியூம் 1757இல் ருசியின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையில் 'டான் கிஹோத்தே' நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்துக்கொள்கிறார். சாஞ்சோவின் உறவினர் இருவர். ஒரு பீப்பாய் வைனைச் சுவைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். ஒருவர், நல்ல வைன்தான், லேசாகத் தோல் வாடை என்கிறார். இன்னொருவர், இரும்பு வாடை என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். பீப்பாய் காலியானதும் அடியில் தோல் வாரில் கட்டிய ஒரு சாவி கிடக்கிறது. ஹியூம் சொல்ல வருவது, பொருளில் இருப்பதைத்தான் கூர்மையான நாக்கு கண்டுபிடிக்கிறது என்பது. என் ஆரஞ்சுத் தோல் அந்தச் சாவி மாதிரி. அது அங்கே இருந்தது. அதைக் கண்டுபிடித்ததில் எனக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. ஜான் ஸ்டூவர்ட் மில் 1863இல் வெளியான 'பயன்பாட்டுவாதம்' நூலில் இன்பங்களுக்குள் மேல், கீழ் உண்டு என்கிறார். எது மேல் என்று யார் தீர்ப்பது? இரண்டையும் அனுபவித்துப் பார்த்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் எதைத் தேர்ந்தெடுக்கிறார்களோ அதுவே மேலானது. கேட்க நேர்மையான விதியாகத்தான் இருக்கிறது. நான் அத்தையின் காபியையும் குடித்திருக்கிறேன், என் காபியையும் குடித்திருக்கிறேன். எனவே நான் நீதிபதி. அத்தை ஒன்றை மட்டும் குடித்தவர். எனவே அவர் வெறும் சாட்சி.

பல நாள் இந்த விதியின்படிதான் நான் வாழ்ந்துகொண்டிருந்தேன், பெயர் தெரியாமலே. நண்பர்கள் வீட்டில், கல்யாணப் பந்தியில், ஆபீஸ் இயந்திரத்தின் முன்னால் எனக்குள் ஒரு நீதிபதி உட்கார்ந்திருந்தார். வெளியே ஒன்றும் சொல்ல மாட்டார். டம்ளரை மட்டும் பாதியில் கீழே வைப்பார்.

மில்லின் விதியில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. இரண்டையும் அனுபவித்துப் பார்க்க எல்லோருக்கும் வாய்ப்பு இருக்க வேண்டும். அந்த வாய்ப்பு யாருக்கு இருந்தது? இதைக் கேட்டபோதுதான் அதே மாமா வீட்டுச் சாளையில் இன்னொரு காபி ஞாபகம் வந்தது. அதை நான் குடித்ததில்லை. குடிக்க ஆசைப்பட்டு அடி வாங்கியிருக்கிறேன்.

4

எனக்கு எட்டு வயதிருக்கும். 1990களின் நடுவில். அப்போது அந்தத் தோட்டத்தில் அப்பிச்சியும் அமுச்சியும் இருந்தார்கள். பண்ணையத்தில் ஒருவர் வேலை செய்தார். மாடு, தண்ணீர் கட்டுவது, தேங்காய் போடுவது எல்லாம் அவர்தான். என் அப்பாவைவிட மூத்தவர். நான் அவரைப் பெயர் சொல்லி, வா போ என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை 'சின்ன சாமி' என்பார். அது எனக்கு வினோதமாகத் தெரிந்ததே இல்லை. தென்னைமரம் உயரமாக இருப்பது மாதிரி அதுவும் ஒரு விஷயம்.

காலை ஏழு மணிக்கு அவருக்குக் காபி. எங்களுக்குப் பால் காபி, அவருக்கு வெல்லம் போட்ட வரக்காப்பி. மாட்டுக் கொட்டகைச் சுவரில், ஓட்டுக்கு அடியில், ஒரு தேங்காய்த்தொட்டி செருகியிருக்கும். வெளிப்பக்கம் நன்றாகச் செதுக்கி, தேய்ந்து, பளபளவென்றிருக்கும். அதை எடுத்துக்கொண்டு வந்து சமையல்கட்டின் பின்வாசல் படிக்குக் கீழே குந்துவார். அமுச்சி போசியிலிருந்து ஊற்றுவார், ஒரு முழம் உயரத்திலிருந்து. ஒரு சொட்டு வெளியே சிந்தாது. எனக்கு அது ஒரு வித்தையாகத் தெரிந்தது. குடித்து முடித்து, தொட்டித் தண்ணீரில் கழுவி, மறுபடி ஓட்டுக்கடியில் செருகிவிட்டுப் போவார்.

ஒரு நாள் நான் அமுச்சியிடம் எனக்கும் தேங்காய்த்தொட்டியில் காபி வேண்டும் என்றேன். விளையாட்டுச் சாமான் கேட்பது மாதிரிதான் கேட்டேன். அமுச்சி கன்னத்தில் ஓங்கி ஒன்று கொடுத்தார். என்னை அவர் அடித்தது அந்த ஒரே தடவை.

அமுச்சி கெட்டவர் இல்லை என்று எழுதக் கை போகிறது. வாசலில் வந்து நின்றவர் யாரையும் சோறு போடாமல் அனுப்பியதில்லை, அந்தப் பண்ணையாள் வீட்டில் காய்ச்சல் என்றால் கஷாயம் வைத்துக் கொடுத்து அனுப்புவார். எல்லாம் உண்மை. அந்தத் தேங்காய்த்தொட்டியும் உண்மை. இரண்டையும் ஒரே கைதான் செய்தது.

இது என் வீட்டுக் கதை மட்டுமில்லை என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். டீக்கடைகளில் இரட்டைக் குவளை, பெஞ்சில் உட்காரத் தடை, இதற்கெல்லாம் எதிராக கொங்குப் பகுதியில் பெரியாரிய இயக்கங்களும் தலித் இயக்கங்களும் இந்த நூற்றாண்டில்கூடப் போராட வேண்டியிருந்தது. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது 1950இல். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது 1989இல். பிறகு பல கடைகளில் பேப்பர் கப் வந்தது. எல்லோருக்கும் ஒரே கப், குடித்ததும் குப்பைக்கு. யாரும் யாருடைய எச்சில் டம்ளரையும் கழுவ வேண்டியதில்லை. இரட்டைக் குவளை ஒழிந்தது, அதை ஒழிக்காமலே.

காபி நம் ஊரில் எந்தக் காலத்திலும் வெறும் பானமாக இருந்ததில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' கட்டுரையைப் படித்தால், காபி ஒரு சாதிக்கும் வர்க்கத்துக்கும் அடையாளமாக எப்படி ஆனது, டீ எப்படி உழைப்பவர்களின் பானமாக ஒதுங்கியது என்பது புரியும். 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கச் சொல்லி பெரியார் மாதக்கணக்கில் மறியல் நடத்தினார். பெயர்ப்பலகையில் எழுதியிருந்ததால் அங்கே மறியல் செய்ய முடிந்தது. எங்கள் சமையல்கட்டுப் பின்வாசலில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இப்போது மில்லிடம் திரும்பிப் போகிறேன். படிக்குக் கீழே குந்தியிருந்தவரிடம் உனக்குப் பால் காபி பிடிக்குமா, வரக்காப்பி பிடிக்குமா என்று யாரும் கேட்டதில்லை. இரண்டையும் குடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல அவரை யாரும் கூப்பிட்டதில்லை. அத்தையிடமும் கேட்டதில்லை, அது வேறு வகை. மாமாவுக்கு எது பிடிக்குமோ அதுதான் அந்த வீட்டுக் காபி. மேல், கீழ் என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் எப்போதும் ஒரே பக்கத்து ஆட்கள்தான். ஊற்றுகிற பக்கம், அல்லது ஊற்றச் சொல்கிற பக்கம்.

இன்னொன்றும் புரிந்தது. அத்தை என்னிடம் கேட்காமல் காபி கொடுத்தார். அமுச்சி அவரிடம் கேட்காமல் காபி ஊற்றினார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் உபசாரம், இரண்டிலும் கேள்வி கிடையாது. வித்தியாசம் காபியின் தரத்தில் இல்லை. நான் பாதியில் டம்ளரை வைத்தேன், எனக்குச் சீரகத் தண்ணீர் வந்தது. அவர் ஒரு நாளும் மீதி வைத்ததில்லை. மீதி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும்.

5

என் பாக்கெட்டுகளுக்கு வருகிறேன். அவற்றில் எஸ்டேட்டின் பெயர் இருக்கும். கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர், என்ன ரகம், பழத்தைக் கழுவிக் காய வைத்தார்களா, அப்படியே காய வைத்தார்களா, எல்லாம் இருக்கும். எஸ்.795 என்று ஒரு ரகம், 1940களில் கர்நாடகத்தின் பாலெஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. அதன் தாய் தகப்பன் யார் என்பதுகூட எனக்குத் தெரியும்.

இவ்வளவு விவரம் எப்போதும் கிடைத்ததில்லை. 1942 காபிச் சட்டத்தின்படி விவசாயிகள் விளைந்த காபியைக் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் கொடுத்துவிட வேண்டும். யார் தோட்டத்துக் கொட்டையும் யாருடையதோடும் கலக்கும். 1990களில்தான் படிப்படியாக அது தளர்ந்தது. அதன் பிறகுதான் ஒரு தோட்டம் தன் பெயரில் தன் கொட்டையை விற்க முடிந்தது. தோட்டக்காரருக்குப் பெயர் கிடைத்தது நம் காலத்தில். பறிக்கிறவருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

என் வீட்டுத் தராசில் ஒரு டம்ளருக்கு 15 கிராம். ஒரு நாள் வேலையில்லாமல் எண்ணினேன், நூற்றுப் பத்து சொச்சம் கொட்டை. பழத்துக்கு இரண்டு என்றால் ஐம்பத்தைந்து பழம். ஆறு கிலோ பழம் இருந்தால்தான் ஒரு கிலோ பச்சைக் கொட்டை. வறுத்தால் அதிலும் ஆறில் ஒரு பங்கு எடை போய்விடும். 250 கிராம் பாக்கெட் ஒன்றுக்கு ஒன்றே முக்கால் கிலோ பழம். அராபிகா ஒரே நாளில் பழுக்காது. ஒரே கொத்தில் பச்சையும் சிவப்புமாக இருக்கும். சிவந்ததை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். அதே செடிக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். பாக்கெட்டில் 'கையால் தேர்ந்து பறித்தது' என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். யாருடைய கை என்று போட்டிருக்காது.

இரண்டு வருஷம் முன்பு டிசம்பரில் ஏற்காட்டுக்குப் போனேன், எனக்குப் பிடித்த கொட்டை விளைகிற மலையைப் பார்க்கலாம் என்று. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் காபியைக் கொண்டுவந்த மலை. சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறும் மிளகுக் கொடி, கீழே நிழலில் காபி. இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். எந்தக் கொத்து நல்லது என்று என்னைவிட நூறு மடங்கு தெரிந்தவர். விரல் நகமெல்லாம் கறுத்திருந்தது. அசட்டுத்தனமாக ஒரு கேள்வி கேட்டேன்.

"நீங்க எப்படிங்க காப்பி குடிப்பீங்க?"

"நாங்க டீங்க" என்றார். கை நிற்கவில்லை.

இந்தப் பதிலில் வரலாறும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கடல் கடந்து, காட்டு வழியே நடந்து கண்டிக்குப் போனார்கள். அப்போது அது தேயிலைத் தோட்டம் அல்ல, காபித் தோட்டம். 1869இல் இலைத்துரு நோய் வந்து இலங்கையின் காபியை அழிக்கத் தொடங்கிய பிறகுதான் அங்கே தேயிலை பரவியது. தமிழர்கள் பெருவாரியாகக் காபி குடிக்கத் தொடங்குவதற்கு முன்பே காபி பறிக்கத் தொடங்கியிருந்தார்கள். பறித்தவர் வேறு, குடித்தவர் வேறு. அப்போதும் எப்படி வேண்டும் என்று ஒருவரிடம்தான் கேட்டார்கள்.

இதற்காக நான் காபியை விட்டுவிட வேண்டுமா? அப்படி நினைத்துப் பார்த்தேன். நான் விட்டால் அந்த அம்மாவுக்கு ஒரு ரூபாய் கூடப் போவதில்லை. சிக்கரிக் காபிக்குத் திரும்பினால் என் மனசாட்சிக்கு ஒரு வேஷம் கிடைக்கும், அவ்வளவுதான். நாக்குக்குத் தெரிந்ததைத் தெரியாததாக்க முடியாது. என்னால் முடிந்தது சின்னது: பாக்கெட்டில் இவ்வளவு எழுதியிருப்பதால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நம்பாமல் இருப்பது. விற்கிறவரிடம் ரகத்தைக் கேட்கும் அதே நேரத்தில் கூலியையும் கேட்பது. மூன்று பேரிடம் கேட்டேன். இரண்டு பேர் பதில் போடவில்லை. ஒருவர் தொகையைச் சொன்னார். இப்போது அவரிடம் வாங்குகிறேன். அவர் கொட்டை எனக்கு இரண்டாவதாகப் பிடித்த கொட்டை.

6

சித்திரையில் மறுபடி மாமா வீட்டுக்குப் போனேன். அத்தை சமையல்கட்டுக்குள் போகும்போதே பின்னால் போய்ச் சொன்னேன். "அத்தை, எனக்கு சக்கரை கம்மியா, டிகாக்‌ஷன் தூக்கலா வேணுங்க. அன்னைக்கு வயிறெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுங்க."

அத்தை சிரித்தார். "அதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன? நானும் அரைச் சக்கரைதான் குடிப்பேன். உங்க மாமனுக்கு இனிப்பு வேணும்னு எல்லாத்துக்கும் ஒண்ணாப் போடறது." முப்பது வருஷமாகத் தனக்குப் பிடிக்காத காபியைத்தான் அவரும் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்று அவருக்கும் எனக்கும் தனியாகக் கலந்தார். சிக்கரி இருந்தது. முழு டம்ளரும் குடித்தேன்.

இதோடு முடித்திருந்தால் கட்டுரை அழகாக இருந்திருக்கும். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பண்ணையத்து மனிதர் என் ஃபிளாட்டுக்கு வந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார். அவருடைய பேத்திக்கு கோயம்புத்தூரில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருந்தது. லேப்டாப் எது வாங்கலாம் என்று என்னிடம் கேட்கச் சொல்லி மாமா அனுப்பியிருந்தார். கதவைத் திறந்து "வாங்க" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. சின்ன வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவரை இப்போது 'ஐயா' என்றால் நாடகம் போல இருக்கும். உறவுமுறை எதுவும் கைவசம் இல்லை. அவர் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். பேத்தி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"காப்பி எப்படி வேணுங்க? பால் ஊத்தியா, வரக்காப்பியா?"

"எதுனாலும் சரிங்க சாமி."

"சாமியெல்லாம் வேண்டாங்க. உங்களுக்கு எப்படிப் பிடிக்கும்?"

"நீங்க குடிக்கிறதையே குடுங்க."

இத்தனை நாள் யோசித்து வைத்திருந்த கேள்வி அவ்வளவு சுலபமாகத் திரும்பி வந்துவிட்டது. கேட்காமல் இருந்ததைத் தப்பு என்று கண்டுபிடித்தேன், சரி. ஐம்பது வருஷம் கழித்து ஒருவரிடம் கேட்டால் பதில் அவரிடம் தயாராக இருக்கும் என்று எப்படி நினைத்தேன்? பிடித்தது எது என்று சொல்லவும் பழக்கம் வேண்டியிருக்கிறது, நாக்கைப் போலவே.

கொட்டையை அரைத்து இளவறுப்புக் காபி இரண்டு டம்ளர் போட்டேன். அவர் முதல் வாய் குடித்ததும் முகம் ஒரு நொடி சுருங்கியது. பிறகு ஒன்றும் சொல்லாமல், நிறுத்தாமல், மருந்து குடிப்பது போல முழுவதும் குடித்து முடித்தார். பேத்தி இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரை டீப்பாயில் வைத்தாள்.

"இது என்ன சார், புளிக்குது?"

"அது அப்படித்தாங்க இருக்கும்" என்றேன். "பால் ஊத்தித் தரட்டுமா?"

"வேண்டாம் சார். எனக்கு காபியே அவ்வளவா பிடிக்காது." லேப்டாப்புக்கு எத்தனை ஜிபி ராம் வேண்டும் என்று கேட்டாள். அரை மணி நேரம் அதைப் பேசினோம்.

கிளம்பும்போது அவர் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து, சமையல்கட்டு எந்தப் பக்கம் என்று தேடினார். கழுவி வைப்பதற்கு.

"தாத்தா, வெச்சிட்டு வாங்க" என்றாள் பேத்தி, செருப்பை மாட்டிக்கொண்டே.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "வெச்சிடுங்க" என்றேன். அவர் டம்ளரை டீப்பாயின் ஓரத்தில், விளிம்பில், வைத்தார். அவர்கள் லிஃப்டில் இறங்கிய பிறகு இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். ஒன்று சொட்டு இல்லாமல் காலி. இன்னொன்றில் பாதி மீதியிருந்தது.